டிபி மாத்திரையும் எச்ஐவி மாத்திரையும் சேரும்போது

"ஒரே மாத்திரைதான்னு சொன்னீங்க, இப்ப எதுக்கு சார் இன்னொண்ணு?" எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் வேலை பார்க்கும் என்னிடம், எச்ஐவியோடு டிபியும் வந்தவர்கள் அடிக்கடி கேட்பது இது.

எச்ஐவி நம் வெள்ளணுவுக்குள் புகுந்ததும் தன் மரபணுவை நம் டிஎன்ஏவுக்குள் செருகிவிடும். அதைச் செய்வது இன்டெக்ரேஸ் என்ற வைரஸ் நொதி. எச்ஐவிக்கு நாங்கள் கொடுக்கும் டிஎல்டி என்ற கூட்டு மாத்திரையில் உள்ள 50 மி.கி. டோலுடெக்ராவிர் அந்த நொதியை முடக்குகிறது, ரத்தத்தில் போதுமான அளவு இருக்கும்வரை. குறைந்தால் இன்டெக்ரேஸ் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

அந்த அளவு நம் உடம்பின் நொதிகள் கையில் இருக்கிறது. டோலுடெக்ராவிரைச் சிதைப்பவை முக்கியமாக யுஜிடி1ஏ1, கொஞ்சம் சிஒய்பி3ஏ4. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலில் இந்த இரண்டையும் பெருக்கிவிடும். எச்ஐவி மருந்து சீக்கிரமே கரைந்துபோகும். அதனால்தான் டிஎல்டி போட்டு 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. டோலுடெக்ராவிர் தருகிறோம். டிபி மருந்து முடிந்த அன்றே இதை நிறுத்திவிடக் கூடாது. பெருகிய நொதிகள் அடங்க இரண்டு வாரம் ஆகும், அதுவரை தொடர வேண்டும்.

என் கவலையெல்லாம் வெளியே டிபி வைத்தியம் பார்ப்பவர்கள் பற்றித்தான். அங்கே எச்ஐவியைச் சொல்லக் கூச்சமாக இருக்கலாம், புரிகிறது. எங்களிடமாவது டிபி மாத்திரையைச் சொல்லுங்கள். பெயர் தெரியாதா, அட்டையைக் கொண்டுவாருங்கள். "சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது" என்றாலே போதும், ரிஃபாம்பிசினாக இருக்குமோ என்று விசாரிப்போம்.

டிஎல்டிக்குப் பதில் ரிட்டோனவிர் சேர்ந்த எச்ஐவி மருந்து எடுப்பவர்களுக்குக் கதை நேர் எதிர். அது சிஒய்பி3ஏ4ஐ அடக்கிவைப்பதால், கூட இருக்கும் அட்டசனாவிர் என்ற எச்ஐவி மருந்து வைரஸின் புரோட்டியேஸ் நொதியை நெடுநேரம் தடுக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே சிஒய்பி3ஏ4 நொதியால் கழியவேண்டிய மற்ற மருந்துகளும் ரத்தத்தில் தேங்கிவிடும். மூட்டுவலிக்குப் போடும் ட்ரையாம்சினோலோன் ஊசி தேங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும். நான் அதிகம் பயப்படுவது ஒற்றைத் தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கு. அதில் எர்கோடமின் இருந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, விரல்கள் சில்லிட்டு, நீலம் பாய்ந்து, அழுகும் அளவுக்குப் போகலாம். வாங்கும் முன் மையத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஏற்கனவே போட்டுவிட்டு விரல் மரத்துப்போனால், தலைவலி மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.