ஃபியோர்டு என்பது கழி அல்ல

மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடற்கூறான ஃபியோர்டுக்கு 'நுழைகழி' என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. கலைக்களஞ்சியக் கட்டுரை, பயணக் கட்டுரை, ஆவணப்படத்தின் தமிழ் விவரணை என எங்கும் இதுதான். அண்மையில் நார்வேயின் தானா ஆற்றைப் பற்றிய ஒரு விவரணையில், ஆறு 'தன் கழிமுகத்தில் நுழைகழியைச் சேர்கிறது' என்று சொன்னார்கள். ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'ஃபியோர்த்ர்'. கடந்து போதல் என்ற பொருளுடைய மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஆற்றைக் கடக்கும் படகுக்கு வழங்கும் 'ஃபெர்ரி' இதற்கு உறவு. ஸ்காட்லாந்தில் கடல் நிலத்துக்குள் நீளும் இடத்துக்கு வழங்கும் 'ஃபர்த்' இதன் நேர் வாரிசு. புவியியலில் பொருள் இன்னும் இறுக்கமானது. பனியுகத்தில் மலையிடையே நகர்ந்த பனியாறு பாறையைத் தேய்த்துக் குடைந்து பள்ளத்தாக்கை ஆழமாக்கியது. பனி உருகிப் பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. இப்படி உண்டான, நீண்டு ஒடுங்கிய கடற்கூறுதான் ஃபியோர்டு.

சரி, கழி என்றால் என்ன? நெய்தல் திணைப் பாட்டுகளில் 'இருங்கழி' திரும்பத் திரும்ப வரும். நெய்தல் பூப்பது கழியில். சுறா திரிவது கழியில். கரையிலே தாழை, பக்கத்திலே உப்புப் பாத்தி. இன்றைக்கும் உப்பங்கழி என்றால் பிச்சாவரமும் எண்ணூரும் நினைவுக்கு வரும். சேறு, சதுப்பு, ஏற்றவற்றத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் உவர்நீர், கோலை ஊன்றித் தள்ளிப் போகிற ஆழம். ஈராயிரம் ஆண்டாக இந்தச் சொல்லுக்குள் இருக்கும் காட்சி இது. நார்வேயின் சோக்னஃபியோர்டு 1,300 மீட்டருக்கு மேல் ஆழம், 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கரையில் சேறு ஏது? செங்குத்தான பாறை நேரே நீருக்குள் இறங்குகிறது. இதைக் கழி என்று சொன்னால் தமிழ் வாசகன் மனத்தில் எழுவது நேர்மாறான படம். 'நுழை' என்ற அடையும் எதையும் காப்பாற்றவில்லை. எந்தக் கழிதான் நிலத்துக்குள் நுழையவில்லை?

தானாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காராஷ்யோக்கா, அனார்யோக்கா என்ற இரண்டு ஆறுகள் கூடி இந்த ஆறு பிறக்கிறது. நெடுந்தூரம் நார்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடி, கடைசிப் பகுதியில் முழுக்க நார்வேக்குள் வந்து, 70 பாகை வட அட்சரேகைக்கும் வடக்கே தானாஃபியோர்டில் விழுகிறது. கரையில் வாழும் வட ஐரோப்பியப் பூர்வகுடிகளான சாமி மக்கள் இதை 'தெயத்னு' என்கிறார்கள். பேராறு என்று பொருள். பேருக்கேற்ப ஏராளமான மணலை இழுத்து வருகிறது. ஃபியோர்டின் உட்கோடியில் அதைக் கொட்டி, இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல்திட்டுகளாகப் பரப்பியிருக்கிறது. ஐரோப்பாவில் மனிதக் கை அதிகம் படாத பெரிய டெல்டாக்களில் இது ஒன்று. கோடை முடியும் காலத்தில் இறகு உதிர்க்கும் ஆண் மெர்கான்சர் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து கூடுகின்றன. இந்த டெல்டாவைத் தாண்டினால் மலைகளுக்கிடையே ஃபியோர்டு. அது போய்ப் பேரண்ட்ஸ் கடலில் திறக்கிறது.

ஆக, இங்கே ஆழம் குறைந்த மணல் முகத்துவாரமும் இருக்கிறது, அதற்கு அப்பால் பனியாறு குடைந்த ஆழ்ந்த நீரும் இருக்கிறது. ஒன்று ஆறு தூர்த்தது, மற்றொன்று பனி தோண்டியது. இரண்டுக்கும் 'கழி' என்றே எழுதினால் இந்த நிலத்தின் கதையே அழிந்துபோகிறது. 'வளைகுடா' என்பவர்களும் உண்டு. பாரசீக வளைகுடாவுக்கு வைத்த சொல்லை ஓர் ஒடுங்கிய மலையிடுக்குக்குப் போடலாமா? 'பனிக்குடா' என்றால் உறைந்து கிடக்கும் குடா என்றாகிறது. நார்வே ஃபியோர்டுகளில் பெரும்பாலானவை அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டத்தால் குளிர்காலத்திலும் உறையாதவை.

என் தேர்வு: பனியாற்றுக் குடா. பனியாறு பள்ளிப் பாடத்திலேயே வரும் சொல், குடா எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது அங்கே பனியாறு இல்லையே என்று கேட்பார்கள். ஆறு வற்றிக் கிடந்தாலும் அது கொண்டுவந்த மணல் ஆற்றுமணல்தானே. உண்டாக்கியது எது என்று சொல்வதே இந்தச் சொல்லின் வேலை.

ஒலிபெயர்த்து 'ஃபியோர்டு' என்று விட்டால் போதும் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. பின்லாந்துக்கு இன்றைக்கு ஃபியோர்டுக் கரை கிடையாது. ஆனாலும் பின்லாந்தின் பின்னிய மொழி சாமி மொழியிலிருந்து எடுத்த 'வுவோனோ'வைத் தன் சொல்லாக வைத்திருக்கிறது. பொதுப் பெயருக்கு நமக்கும் ஒரு சொல் வேண்டும். கலைச்சொல் ஆக்குபவர்கள் செய்யும் தவறு வேறு: அகராதியில் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு முன்பே ஒரு வாழ்க்கை உண்டு என்பதைப் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் படத்தையாவது ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம். கண்ணெதிரே ஓங்கி நிற்கும் பாறையைக் காட்டிக்கொண்டே 'கழி' என்று வாசிக்கிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

ஊர்ப்பெயர், நீர்ப்பெயர்களை மட்டும் தொடக் கூடாது. தானாஃபியோர்டு தானாஃபியோர்டாகவே இருக்கட்டும். ஏனென்றால் நார்வே மொழியில் இந்தச் சொல் நம் புவியியல் புத்தகத்தைவிட விரிந்தது. ஓஸ்லோவுக்கு வடமேற்கேயுள்ள திரிஃபியோர்டு நன்னீர் ஏரி; அதைப் பனியாற்றுக் குடா என்று எழுதினால் ஏரிக்குள் கடலைக் கொண்டுவந்த பிழை நேரும். டென்மார்க்கின் லிம்ஃபியோர்டு தாழ்ந்த நிலத்தின் நடுவே கிடக்கும் ஆழமற்ற உவர்நீர். கழி என்ற சொல் அந்த ஓரிடத்துக்கு ஓரளவு பொருந்தும்.