கடலோர வீட்டுக்குக் கசடுச் சிமெண்ட்: தர விதிகள் சொல்வது என்ன?

மண்டபம், பாம்பன், தொண்டி போன்ற ஊர்களில், கட்டி அதிக காலம் ஆகாத வீட்டின் சன்ஷேடை அண்ணாந்து பார்த்தாலும், பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல் இளிப்பதைக் காணலாம். உப்புக்காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளிறங்கிக் கம்பியை அரிக்கிறது. துரு ஊதிப் பெருக்கும்போது கான்கிரீட் வெடித்து விழுகிறது. இதைத் தள்ளிப்போட உதவுவது, இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்ட். கடைகளில் ‘சிலாக் சிமெண்ட்’ என்று கேட்டால் தருவார்கள்.

ஊதுலையில் உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடைத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால், அது கண்ணாடித்தன்மையுள்ள குறுமணலாகிறது. அந்த மணல்தான் சிமெண்டுக்கு ஆகும். மெல்ல ஆறவிட்ட கசடு இறுகிக் கல்லாகிவிடும். ஐ.எஸ். 455 என்னும் இந்தியத் தரவிதி, இந்தச் சிமெண்டில் கசடு எடையளவில் 25 முதல் 70 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்கிறது. சாதாரணச் சிமெண்டைவிட நிறம் வெளிறியிருப்பதால் ‘இதில் சத்து இல்லை’ என்று சொல்லும் கொத்தனார்கள் உண்டு. நிறத்துக்கும் வலிமைக்கும் தொடர்பில்லை, 28 நாளில் 33 மெகாபாஸ்கல் (நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் திறனின் அலகு) வலிமை வந்தாக வேண்டும் என்பதே விதி.

2003ஆம் ஆண்டின் சிமெண்ட் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சிமெண்டை விற்கக் கூடாது. ஆகவே மூட்டையில் முத்திரையோடு 455 என்ற எண்ணும், அடைத்த வாரமும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 (2000), கடல்நீர் படும் வேலைகளுக்குக் கசடுச் சிமெண்ட் அனுகூலமானது என்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஆனால் எந்தச் சிமெண்ட் வாங்கினாலும், கடலோரச் சூழலுக்கு நேரே ஆட்படும் கம்பிக் கான்கிரீட் குறைந்தது எம் 30 தரத்தில் (28 நாளில் 30 மெகாபாஸ்கல் வலிமை) இருக்க வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாத சிமெண்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடுகனமும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். அலைத்துளி தெறிக்கும் இடமானால் எம் 35, 340 கிலோ, 50 மில்லிமீட்டர். கம்பியைத் தரையோடு படுக்கவைத்துக் கலவை கொட்டும் பழக்கம் இருக்கும்வரை எந்தச் சிமெண்டும் காப்பாற்றாது. கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைத்தே ஆக வேண்டும்.

கசடுச் சிமெண்ட் தொடக்கத்தில் மெதுவாகவே இறுகும் என்பதால், சாதாரணச் சிமெண்டுக்குச் சொல்லப்பட்ட நாள்கணக்கில் சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை, முட்டு) பிரித்துவிடக் கூடாது. தண்ணீர் விடுவதும் 7 நாளோடு முடியாது. குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14 நாள். இங்குதான் சிக்கல்: கடல்நீரைக் கலவைக்கோ நனைப்பதற்கோ பயன்படுத்துவதை விதி ஏற்பதில்லை, கம்பிக் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிணறும் போரும் உவர்க்கும் ஊர்களில் லாரித் தண்ணீரின் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவுசெய்யாமல், போர்த் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துக் குளோரைடு அளவைத் தெரிந்துகொண்ட பிறகு கலவையைத் தொடங்குங்கள்.