செல்ஃப் மோட்டாரும் அரை மில்லிமீட்டரும்

பெங்களூரிலிருந்து ஞாயிறு விடியற்காலை நந்தி மலைக்குக் கிளம்பும் வண்டிக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு பழைய அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின் வண்டி) கண்ணில் படும். மலை ஏறும்வரை பிரமாதமாக ஓடியிருக்கும். மேலே போய் அணைத்துவிட்டு, ஒரு காபி குடித்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள்: பேட்டரி போச்சு, கார்பன் தேய்ஞ்சு போச்சு, செல்ஃபையே மாத்திடுங்கண்ணே. அதில் ஏதாவது ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஹெடர் (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) மாட்டி, கம்ப்ரஷன் ஏற்றிச் செய்த எஞ்சின் என்றால் நான் முதலில் கேட்பது, செல்ஃபை, அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றி எங்கே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, யாராவது அளந்தீர்களா என்றுதான்.

சாவியைத் திருப்பியதும் முதலில் வேலை செய்வது சோலனாய்டு என்ற மின்காந்தச் சுருள். அது காந்தமாகி உள்ளே உள்ள இரும்பு உருளையை இழுக்கிறது, அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் பெண்டிக்ஸை (செல்ஃபின் முனையில் உள்ள குட்டிப் பல்சக்கரம்) முன்னே தள்ளி, எஞ்சினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பில் உள்ள பல்வளையமான ரிங் கியரோடு கோக்கிறது. உருளை கடைசிவரை போன பிறகுதான் பெரிய காண்டாக்ட் சேர்ந்து மோட்டாருக்கு முழுக் கரண்ட் போகும். பாதி வழியில் நின்றுவிட்டால் ‘டக்’ மட்டும்தான்.

செவர்லேயின் ஸ்மால் பிளாக் என்ற வி8 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தத் தொல்லை முழு உருவத்தில் தெரிவது அதில்தான். ரிங் கியரில் 168 பற்கள் (சின்ன சக்கரம் என்றால் 153), பெண்டிக்ஸில் 9. அதாவது எஞ்சின் ஒரு சுற்று சுற்ற பெண்டிக்ஸ் 18.7 சுற்று சுற்ற வேண்டும். எஞ்சின் பிடித்து 1,000 ஆர்.பி.எம் தொட்ட நொடியில் சாவியை விடாமல் வைத்திருந்தால் அந்தக் குட்டிப் பல்சக்கரம் 18,700-இல் சுழலும். உள்ளே ஒருவழி கிளட்ச் ஒன்று இருப்பதால்தான் மோட்டார் சிதறாமல் தப்பிக்கிறது. இவ்வளவு வேகத்தில் உரசும் இரண்டு பல்வரிசைக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வம்புதான்.

நம் ஊர் ஜப்பானிய, கொரிய வண்டிகளில் பெரும்பாலும் செல்ஃபின் மூக்கு (பெண்டிக்ஸ் இருக்கும் முன்பகுதி) கியர்பாக்ஸ் கூட்டில் கடைந்த ஒரு துளைக்குள் கச்சிதமாக உட்காரும், அதனால் அந்த இடைவெளி தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது, நீங்கள் மாற்றவும் முடியாது, மாற்றவும் கூடாது. ஸ்மால் பிளாக்கில் அப்படி இல்லை. செல்ஃப் எஞ்சின் பிளாக்கின் அடியில் இரண்டு போல்ட்டில் தொங்குகிறது. பிளாக்குக்கும் செல்ஃபுக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தால் செல்ஃப் கீழே இறங்கி ரிங் கியரை விட்டு விலகும், எடுத்தால் நெருங்கும். ஃப்ளைவீல் மாறினால், செல்ஃப் மாறினால், பிளாக் மாறினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அளப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். அப்புறம் ஃப்ளைவீல் மூடியைக் கழற்றினால் பற்கள் தெரியும். பெண்டிக்ஸ் தன் இடத்தில் ஓய்வாக இருக்கும்போது அதன் முகத்துக்கும் ரிங் கியருக்கும் நடுவே சுமார் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் ஓடும் எஞ்சினில் உரசும், கூடினால் பல் முழு அகலத்துக்குக் கோக்காமல் நுனியிலேயே தேயும். அடுத்து ஸ்க்ரூடிரைவரால் பெண்டிக்ஸை முன்னே நெம்பிக் கோத்துவிட்டு, ரிங் கியரின் ஒரு பல்லைப் பெண்டிக்ஸின் இரண்டு பற்களுக்கு நட்டநடுவில் கொண்டுவந்து, அந்தப் பல்லின் உச்சிக்கும் எதிரே உள்ள பள்ளத்துக்கும் நடுவே கம்பி விட்டுப் பாருங்கள். 0.5 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை சரி. எஸ்.பி. ரோட்டில் கம்பி கேஜ் வாங்கிக்கொள்ளலாம், அவசரத்துக்குக் காகிதம் கோக்கும் கிளிப்பின் கம்பி ஏறக்குறைய மேல் எல்லைக்கு வரும். ஒரே இடத்தில் அளந்து திருப்தி அடையக் கூடாது. ஃப்ளைவீலைக் கையால் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள், வளைந்த ஃப்ளெக்ஸ்பிளேட் (ஆட்டோமேட்டிக் வண்டியில் ஃப்ளைவீலுக்குப் பதில் வரும் மெல்லிய தட்டு) அங்கேதான் மாட்டும்.

காதாலும் பாதி கண்டுபிடிக்கலாம். எஞ்சின் பிடிப்பதற்கு முன்பே, சுற்றும்போது கீச்சென்று ஊளையிட்டால் இடைவெளி அதிகம், ஷிம் குறைக்க வேண்டும். எஞ்சின் பிடித்து சாவியை விடும் நேரத்தில் ஊளையிட்டால் இடைவெளி போதாமல் பெண்டிக்ஸ் பல்லில் சிக்கிக்கொண்டு திரும்பி வர மறுக்கிறது, ஷிம் சேர்க்க வேண்டும். தகட்டுக்கு மேல் தகடாக அடுக்கியும் சரிவரவில்லையா? ஷிம்மை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள். 153 பல் சக்கரத்துக்கான மூக்கில் போல்ட் துளைகள் நேர்வரிசையில் இருக்கும், 168-க்கு ஒன்று தள்ளி ஒன்று கோணலாக. சில பிளாக்கில் இரண்டு வகைக்கும் துளை இருப்பதால் தப்பான செல்ஃபும் அழகாக மாட்டிக்கொள்ளும்!

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். அதன் கழுத்தில் சொரசொரவென்று வரிகள் வெட்டிய பகுதிதான் செல்ஃபை அசையாமல் பிடிக்கிறது. ஜே.சி. ரோட்டில் கடைக்காரர் “இதுவும் அதே சைஸ்தான் சார்” என்று எம்10 போல்ட்டை நீட்டுவார். இந்த பிளாக்கில் உள்ளது எட்டில் மூன்று அங்குலப் போல்ட், அதாவது 9.5 மில்லிமீட்டர், பத்தை முறுக்கி ஏற்றினால் பிளாக்கின் மரை போய்விடும். செல்ஃபின் பின்பக்கத்தைத் தாங்கும் சின்னப் பட்டியையும் ஹெடர் மாட்டும்போது இடிக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். தாங்கல் இல்லாமல் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் செல்ஃப் லேசாக வளையும், அளந்து வைத்த அரை மில்லிமீட்டர் அர்த்தமற்றுப் போகும்.

இனி ஹெடர். எஞ்சின் ரப்பரில் ஆடும்போது குழாய் செல்ஃபில் இடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே எஞ்சினில் முறுக்கப்பட்டவை, ஆடினால் சேர்ந்துதான் ஆடும். வில்லன் வெப்ப விரிவு. 60 சென்டிமீட்டர் நீள ஸ்டீல் குழாய் 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். ஆறிய வண்டியில் 2 மில்லிமீட்டர் இடம் பார்த்து நிம்மதியானால், அது நீளும் திசையைப் பொறுத்து, சூட்டில் செல்ஃபைத் தொடும்.

தொடாவிட்டாலும் கதிர்வீச்சு விடாது. வண்டி ஓடும்போது காற்று கொஞ்சம் காப்பாற்றும், அணைத்ததும் அதுவும் நின்றுபோய் குழாயின் சூடெல்லாம் செல்ஃபில் இறங்குகிறது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும். சுருள் 20 டிகிரியிலிருந்து 120-க்குப் போனால் தடை 39 சதவீதம் கூடி, அதே வோல்டேஜில் சோலனாய்டின் கரண்ட் 72 சதவீதமாகச் சுருங்கும். காந்த இழுவிசை கரண்டின் வர்க்கத்தை ஒட்டிப் போவதால் மிஞ்சுவது ஏறக்குறைய பாதி. சாவியிலிருந்து வரும் பழைய மெல்லிய ஒயர் இன்னும் ஒரு வோல்ட்டை விழுங்கினால் ‘டக்’ கூடக் கேட்காது. அதற்கு செல்ஃபுக்குப் பக்கத்து ஃபெண்டரில் ஒரு ரிலே (சாவியின் சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சூட்டுக்கு இன்னும் நாலு மில்லிமீட்டர் இடம் தேடி அலைவதில் பெரிய பலன் கிடையாது, அவ்வளவு கிட்டத்தில் தூரம் கொஞ்சம் கூடினால் கதிர்வீச்சு அதிகம் குறையாது. நடுவில் இருபுறமும் காற்று விட்டு ஒரு பளபளப்பான அலுமினியத் தகடு வைத்தால் பெரும்பகுதி தடுக்கப்படும். இடமே இல்லாதவர்களுக்கு கியர் ரிடக்‌ஷன் வகை மினி செல்ஃப் இருக்கிறது: சின்ன மோட்டாரை வேகமாகச் சுழலவிட்டு உள்ளேயே பல்சக்கரத்தால் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுகிறது. பல மாடல்களில் உடலைப் பல கோணத்தில் திருப்பி மாட்டலாம் என்பதால் குழாயிடமிருந்து விலக்கிவைக்க முடியும். என் பணம் என்றால் இதற்குத்தான் போகும், பழைய பெரிய செல்ஃபை மூன்றாவது தடவை ரீவைண்ட் செய்வதற்குப் போகாது.

ஷிம் மாற்றிய பிறகு ஹெடர் பக்கத்து இடைவெளியைத் திரும்பவும் பாருங்கள், செல்ஃப் இறங்கினால் குழாயை நோக்கியும் இறங்கியிருக்கலாம். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளையும் குழாயிலிருந்து விலக்கிக் கிளிப் போட்டுக் கட்டுங்கள். வழக்கமாக அந்த கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது, உறை உருகிக் குழாயில் பட்டால் பேட்டரி முழுவதும் அங்கேயே கொட்டும்.