ஒன்றின் தலையில் இன்னொன்று: இரண்டடுக்கு மாதிரி ராக்கெட் பறப்பது எப்படி?

1949 பிப்ரவரி 24 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்திலிருந்து ஓர் ஒட்டு ராக்கெட் கிளம்பியது. கீழே இருந்தது போரில் கைப்பற்றிய ஜெர்மானிய வி-2. அதன் மூக்கில் செருகியிருந்தது அமெரிக்கர்கள் வேறொரு வேலைக்காகச் செய்திருந்த வேக் கார்ப்பரல் என்ற ஒல்லி ராக்கெட். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை அல்ல. இருந்தும் மேலே இருந்தது ஏறத்தாழ 390 கிலோமீட்டர் உயரம் போனது. அதுவரை மனிதர் செய்த எந்தப் பொருளும் அவ்வளவு உயரம் போனதில்லை. பம்பர் என்பது அந்தத் திட்டத்தின் பெயர்.

மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கடையில் வாங்கிய இரண்டு கிட்களை (பாகங்களை ஒட்டிக் கட்டும் பெட்டிகளை) சேர்த்து இரண்டடுக்கு ராக்கெட் கட்டும்போது செய்வதும் இதே வேலைதான். அளவுதான் சின்னது: காகிதக் குழாய், பால்சா மரத் துடுப்பு, பிளாஸ்டிக் மூக்கு, கட்டைவிரல் பருமனில் மருந்து அடைத்த ஒரு மோட்டார்.

முதலில், ஏன் இரண்டு அடுக்கு? ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும். மாதிரி ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் நிறுவனத்தின் சி6 வகை மோட்டார் மொத்தம் சுமார் 8.8 நியூட்டன்-விநாடி தள்ளு தரும். இரண்டடுக்கும் சேர்ந்து 80 கிராம் இருந்தால், அந்தத் தள்ளில் விநாடிக்கு 110 மீட்டர் வேகம் கிடைக்கும். எரிந்து முடிந்த கீழடுக்கு கழன்று விழுந்ததும் மிச்சம் 40 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே வகை மோட்டார் கூடுதலாக 220 மீட்டர் வேகம் கொடுக்கும். காற்றின் இழுவையையும் புவியீர்ப்பையும் கழித்தால் நிஜ எண்கள் நன்றாகவே குறையும். ஆனால் சங்கதி இதுதான்: இரண்டாவது மோட்டார் வெற்றுக் கூட்டைச் சுமக்காமல் வேலை செய்கிறது.

சரி, ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கும்போது மேல் மோட்டாரை யார் பற்றவைப்பது? பேட்டரி இல்லை, டைமர் இல்லை. இந்தப் பொழுதுபோக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

சாதாரண மாதிரி ராக்கெட் மோட்டார் ஒரு தடித்த காகிதக் குழாய். அடியில் களிமண்ணால் ஆன நாசில், அதாவது வாயு வெளியேறும் குறுகிய துளை. அதன்மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து. அதற்கும் மேலே, தள்ளாமல் புகை மட்டும் விட்டு மெதுவாக எரியும் தாமத மருந்து. உச்சியில் கொஞ்சம் வெடிமருந்து. அது படாரென்று வெடித்து மூக்கைத் தள்ளி பாராசூட்டை வெளியே எறியும். மோட்டாரின் மேல் உள்ள குறியீட்டில் இதெல்லாம் அடக்கம். சி6-7 என்றால், சி என்பது மொத்தத் தள்ளின் வகுப்பு, 6 என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில், 7 என்பது தாமதம் விநாடியில்.

கீழடுக்குக்கு வாங்குவது சி6-0. அந்தப் பூஜ்ஜியத்துக்குத் தாமதம் இல்லை என்பது மட்டும் பொருளல்ல. தாமத மருந்தும் இல்லை, வெடிமருந்தும் இல்லை, மேலே மூடியும் இல்லை. தீ அடியிலிருந்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே வரும். கடைசியில் கருமருந்து மெல்லிய தகடு போல மிஞ்சும்போது, உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் அது உடையும். சூடான வாயுவும் எரியும் துணுக்குகளும் மேல்நோக்கிப் பாய்ந்து மேல் மோட்டாரின் நாசிலுக்குள் புகும். அது பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் உண்டு. பாயும் அதே வாயு, மேல் மோட்டார் பற்றுவதற்குள் இரண்டு அடுக்குகளையும் பிரித்துத் தள்ளிவிடலாம். அதனால்தான் இரண்டு மோட்டார்களையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, சேருமிடத்தில் செல்லோ டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். பற்றும் அந்தக் கணம் வரைக்கும் டேப் தாங்கினால் போதும். அப்புறம் மேல் மோட்டாரின் தீயே அதை அறுத்துவிடும்.

கிட்களுக்கு வருவோம். எஸ்டெஸ்ஸின் ஆல்ஃபா மாதிரி இரண்டு வாங்கினால் தொடங்கலாம்: சுமார் 31 சென்டிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் குழாய், மூன்று துடுப்பு, 18 மில்லிமீட்டர் மோட்டார். ஒரே விட்டமுள்ள குழாய் என்பதுதான் முக்கியம். ஒன்றை முழுசாகக் கட்டி மேலடுக்காக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றின் குழாயில் மோட்டார் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி, துடுப்பு ஒட்டினால் கீழடுக்கு.

ஆனால் கிட்டோடு வரும் வழிமுறைத் தாளை அப்படியே பின்பற்றினால் காரியம் கெட்டுவிடும். மேல் ராக்கெட்டின் மோட்டார் தாங்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு குழாய்களையும் சேர்க்கும் இணைப்புக் குழாய் நுழைய இடமிருக்காது. மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கொக்கியையும் மேலடுக்கில் பொருத்தாமல் தவிர்ப்பது நல்லது, அதன் வளைவு இரண்டு மோட்டார்களும் முட்டிக்கொள்வதைத் தடுக்கும். பதிலுக்கு மோட்டாரின்மேல் டேப் சுற்றி இறுக்கமாகச் செருகிவிடலாம். இணைப்புக் குழாய் மட்டும் இறுக்கமாக இருக்கக் கூடாது. கையால் இழுத்தால் லேசாகக் கழன்று வர வேண்டும். மோட்டார்களுக்கு இடையே இடைவெளி விட்டே கட்டுவோரும் உண்டு. அப்போது நடுவில் அடைபட்ட காற்று வெளியேற, கீழடுக்கின் மேல்பகுதியில் துளைகள் போட வேண்டும்.

கட்டுவதைவிடக் கடினம் சமநிலை. ராக்கெட் நேராகப் பறக்க, ஈர்ப்பு மையம் முன்னாலும் காற்றின் அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமும் குவியும் புள்ளி) பின்னாலும் இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது வேண்டும். தனி ஆல்ஃபாவில் இதையெல்லாம் நிறுவனமே பார்த்துக்கொண்டது. அதன் வாலில் இன்னொரு மோட்டாரைத் தொங்கவிட்டதும் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. ஈடுகட்ட, கீழடுக்கின் துடுப்புகளைப் பெரிதாக வெட்டி அழுத்த மையத்தையும் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

அழுத்த மையம் எங்கே என்று கணக்கிடும் முறையை 1966-ல் நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் பொழுதுபோக்காளர்களுக்குக் கொடுத்தார். இப்போது ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அதைப் போட்டுத் தருகிறது. கணக்கு இரண்டு முறை: இரண்டடுக்கும் சேர்ந்து ஒருமுறை, மேலடுக்கு தனியாக ஒருமுறை. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில் விதி தலைகீழ். கழன்ற கீழடுக்கு நிலையற்றதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அம்பு போல் பாயாமல் தாறுமாறாகப் புரண்டு, பாராசூட் இல்லாமலே மெதுவாக விழும். பம்பருக்கு வேறு விதமான பிரச்சினை. வேக் கார்ப்பரல் பிரியும் உயரத்தில் துடுப்புக்குப் பிடிமானம் தரக் காற்று போதாது; அதனால் சிறு மோட்டார்களை வைத்து அதைச் சுழலவிட்டார்கள்.

அடுத்தது காற்று. துடுப்புள்ள எந்த ராக்கெட்டும் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். ஏவு கம்பியை விட்டு மெதுவாகக் கிளம்பினால் இன்னும் அதிகமாகச் சாயும். ஒற்றை அடுக்கில் அதனால் வருவது, விழுந்த ராக்கெட்டை எடுக்கக் கொஞ்சம் கூடுதல் நடை மட்டும்தான். இரண்டடுக்கில், சாய்ந்துவிட்ட நிலையில் மேல் மோட்டார் பற்றினால் ராக்கெட் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பறக்கும். காற்று அடங்கிய நேரம், பெரிய திடல், லேசான மேலடுக்கு ஆகிய மூன்றும் வேண்டும். மேல் மோட்டார் பற்றாமலே போவதும் உண்டு. தாமத மருந்தும் வெடிமருந்தும் அதற்குள்தான் இருப்பதால் பாராசூட்டும் வெளிவராது. மூக்கு குத்த நேராக இறங்கும். பார்க்க வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது இதனால்தான். கீழடுக்கின் கூடு சூட்டோடு விழும் என்பதால் காய்ந்த புல்லுள்ள இடம் வேண்டவே வேண்டாம்.

மருந்தை வீட்டில் அடைக்கும் ஆசையும் வேண்டாம். ஸ்புட்னிக் பறந்த 1957-க்குப் பின் அமெரிக்கச் சிறுவர்கள் அப்படி முயன்று காயப்பட்டார்கள். அந்த ஆபத்தைத் தவிர்க்கும் வழியாகத்தான் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை நடத்திய ஓர்வில் கார்லைலின் ஆயத்த மோட்டார் யோசனை பரவியது.

முதல் முறைக்கு இரண்டு சி மோட்டார் வேண்டாம். அதைவிடத் தள்ளு குறைந்த வகுப்புகளில் கீழே பி6-0, மேலே ஏ8-5 போதும். கண்ணுக்குத் தெரியும் உயரத்திலேயே எல்லாம் நடக்கும். பாராசூட்டுக்குப் பதில் ரிப்பன் வைத்தால் காற்றில் வெகுதூரம் அடித்துப் போகாது. இருவர் சேர்ந்து போவது நல்லது. ஒருவர் விழும் கீழடுக்கின் மீதே கண் வைத்திருக்க, மற்றவர் மேலே போவதைத் தொடரலாம். தனியாகப் போனால், பெரும்பாலும் மேலே பார்த்துக்கொண்டு நின்றதில் கீழடுக்கைப் புல்லில் தேட வேண்டிவரும்.