சுதந்திர தினம் எக்செலுக்கு 17394

எக்செலில் ஒரு காலி செல்லில் 15-ஆகஸ்ட்-1947 என்று, மாதத்தை ஆங்கில எழுத்தாலேயே தட்டி, என்டர் அடியுங்கள். திரும்ப அதே செல்லுக்குப் போய், கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு, எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் ~ விசையை அழுத்துங்கள். தேதி மறைந்து 17394 என்ற எண் வந்து நிற்கும்.

எக்செல் உள்ளே வைத்திருப்பது எண் மட்டும்தான். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வருகிறது. 2025 ஜனவரி 1 அதன் கணக்கில் 45658. நாம் பார்க்கும் நாளும் மாதமும் அந்த எண்ணுக்குப் போட்டுவிட்ட சட்டை. அதனால்தான் பில் தேதியோடு 45-ஐக் கூட்டினால் தவணை முடியும் தேதி வருகிறது. இரண்டு தேதிகளைக் கழித்தால் இடையில் எத்தனை நாள் என்பது கிடைக்கிறது. தனி ஃபார்முலா எதுவும் வேண்டாம்.

நேரமும் இதே எண்ணின் தசமப் பகுதிதான். காலை ஆறு மணி 0.25, நண்பகல் 0.5. ஓவர்டைம் கணக்குப் போடுபவர்களுக்கு இது முக்கியம். 26 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு மொத்தம் 2:00 என்று காட்டும். முழு நாள் ஒன்று போக மிச்சமிருக்கும் இரண்டு மணியை மட்டும் அந்தச் சட்டை காட்டுகிறது. உள்ளே இருக்கும் எண் சரியாகவே இருக்கிறது. கண்ட்ரோல் 1 அழுத்தி, கஸ்டம் பகுதியில் மணியைக் குறிக்கும் ஹெச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால் 26:00 என்று வந்துவிடும்.

இந்த நாள் எண்ணிக்கையில் ஒரு பிழையும் உண்டு. 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனால் எக்செலில் 60 என்ற எண்ணுக்குத் தேதிச் சட்டை போட்டுப் பாருங்கள், 1900 பிப்ரவரி 29 என்று வரும். எக்செல் வந்த காலத்தில் செல்வாக்காக இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் அப்படித்தான் எண்ணியது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அதே பிழையை ஏற்றுக்கொண்டது. 1900-க்கு முந்தைய தேதியையோ அது எண்ணாக ஏற்பதே இல்லை. பாரதியார் பிறந்த 1882 டிசம்பர் 11 அதற்கு வெறும் எழுத்து.

சரி, தினசரி வேலையில் அதிகம் காலை வாருவது எது? மாதமும் நாளும் இடம் மாறுவதுதான். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கும் என் தோழி, பாக்கிப் பட்டியல் ஒன்றைக் காட்டினார். முப்பது நாள் தாண்டிய பில்களைப் பிரிக்க வேண்டும், ஆனால் வரிசை தாறுமாறாக வருகிறது என்றார். அந்தக் கணினி அமெரிக்க முறையில், அதாவது மாதத்தை முதலில் வைத்து, தேதியை வாசித்துக்கொண்டிருந்தது. ஜூன் 5 என்ற எண்ணத்தில் இருந்த 5/6/2024, மே 6 ஆகிவிட்டது. சரியாக முப்பது நாள் வித்தியாசம்! 18/6/2024-இல் பதினெட்டாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அதை எக்செல் எழுத்தாக அப்படியே விட்டுவிட்டது. ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, பாதி தேதியே அல்ல. எல்லாவற்றையும் நடுவில் நிற்க வைத்திருந்ததால் கண்ணுக்கும் தெரியவில்லை. அலைன்மென்டை எடுத்துவிட்டதும் எண்கள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒதுங்கின.

இதைச் சரிசெய்ய, முதலில் அந்த நெடுவரிசையை வைத்துப் பட்டியல் முழுவதையும் ஏறுவரிசையில் அடுக்குங்கள். எழுத்தாக நிற்பவை அடியில் சேர்ந்துவிடும். அவற்றின் தேதிச் செல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூன்றாவது படியில் டேட் என்பதையும் டி.எம்.ஒய் (நாள், மாதம், ஆண்டு) வரிசையையும் கொடுத்தால் அவை தேதியாகிவிடும். மேலே உள்ளவற்றுக்குப் பக்கத்து நெடுவரிசையில் டேட் ஃபார்முலா போடுங்கள்: ஆண்டு அப்படியே, மாதத்தின் இடத்தில் நாள், நாளின் இடத்தில் மாதம். பத்து நிமிட வேலை. அப்புறம் கணினியின் ரீஜன் அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் இதே கதைதான்.

சந்தேகம் வந்தால் நான் செய்வது இது: கண்ட்ரோலோடு, ஷிஃப்ட் இல்லாமல், அதே எஸ்கேப்புக்குக் கீழ் விசை. ஷீட் முழுவதும் சட்டையைக் கழற்றிவிடும். உண்மையான தேதிகள் ஐந்திலக்க எண்ணாக மாறும், போலிகள் மட்டும் தேதி போலவே நிற்கும். மறுபடி அழுத்தினால் எல்லாம் பழையபடி.

மரபணு ஆய்வாளர்கள் பட்ட பாடு இன்னும் பெரிது. மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப் பெயர் மாறிய பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். செப்ட்2 இன்று செப்டின்2.

வீட்டு எண், பேட்ச் எண் என்று 3-4 போன்றவற்றைத் தட்டும்போது நமக்கும் இதே தொல்லைதான். முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள்குறி போட்டால் எக்செல் அதைத் தொடாது. தேதியே வேண்டும் என்றால் மாதத்தை எழுத்தால் தட்டுங்கள், எந்த நாட்டு அமைப்பிலும் இடம் மாறாது. இன்றைய தேதிக்கு கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் போதும். டுடே ஃபார்முலாவைப் பில்லில் போடாதீர்கள். நாளைக்குத் திறந்தால் நாளைய தேதியைக் காட்டும்.