மொட்டை மாடிச் சுண்ணாம்பும் இமயத்துப் பனியும்

சித்திரை பிறப்பதற்குள் வேலூரில் பல மொட்டை மாடிகள் வெள்ளையாகிவிடும். சுண்ணாம்பு அடித்தால் கீழே படுக்கிற அறையில் சூடு தணியும் என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மாடியில் ஒருவர் கரியை அள்ளிப் பூசினால் எப்படி இருக்கும்? புகையோடு வரும் கரியால் இமயமலைப் பனியாறுகளுக்கு நடப்பது அதுதான்.

காற்று மாசை அளப்பது என் தொழில். போன மாதம் பாலாற்றங்கரையில் ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில் கருவியை வைத்தேன். அதற்குள் போடும் வடிதாள் 47 மில்லிமீட்டர் விட்டம், தட்டை அளவு இருக்கும். வைக்கும்போது பால் வெள்ளை. 24 மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்தபோது விறகடுப்புச் சுவரின் நிறம். எடை போட்டால் சில மில்லிகிராம்தான் கூடியிருந்தது. வெள்ளையைக் கெடுக்க அவ்வளவு போதும்.

புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதம்வரை திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்தால் அது குறையும், பனி சூடேறி உருகும். உருகிய நீரோடு கரி முழுவதும் போய்விடுவதில்லை. பெரும்பகுதி மேலேயே தங்கி இன்னும் கறுக்கவைக்கும். அடியிலிருந்து வெளிப்படும் பழைய பனிக்கட்டி இயல்பிலேயே மங்கல், அது வெயிலை இன்னும் குடிக்கும்.

வேலூர்ப் புகை கங்கோத்ரிக்குப் போகிறது என்று மிரட்ட மாட்டேன். கரி காற்றில் நிற்பது சில நாள், மிஞ்சினால் ஓரிரு வாரம். இமயத்துக்குக் கரி அனுப்புவதில் பெரும்பங்கு கங்கைச் சமவெளியின் சூளைகளுக்கும் விறகடுப்புகளுக்கும் டீசல் வண்டிகளுக்கும் வயலில் எரிக்கும் வைக்கோலுக்கும் உண்டு. கரியமில வாயுவின் கணக்கு வேறு. நம் ஏசிக்காக அனல் மின் நிலையம் விட்ட வாயுவும் நூற்றாண்டுகள் காற்றில் நின்று அங்கேயும் சூடேற்றும். 2011 முதல் 2020 வரை இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனியாறு உருகித் தேங்கிய தெற்கு லோனாக் ஏரி கரையுடைத்து, தீஸ்தா அணை ஒன்றையே அடித்துச் சென்றது.

சூளை மேஸ்திரியிடம் வடிதாளைக் காட்டினேன். "விறகு பச்சை சார், அதனால்தான்," என்றார். சரியாகத்தான் சொன்னார். ஈர வேலிக்காத்தான் அரைகுறையாக எரியும், அந்த அரைகுறைதான் கரி. காய்ந்த விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் புகையும் குறையும், விறகுச் செலவும் குறையும் என்றேன். பனியாறு என்றபோது பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவர், செலவு என்றதும் அருகில் வந்து உட்கார்ந்தார்.

போன வாரம் மறுபடி போனேன். விறகைப் பிளந்து வெயிலில் பரப்பியிருந்தார்கள்.