பீப்பாயைச் சுற்றும் குதிரை எங்கே வேகம் குறைக்கிறது?

அமெரிக்காவில் ரோடியோ எனப்படும் கௌபாய் திறன் போட்டி அரங்குகளில் நடக்கும் பீப்பாய் ஓட்டத்தை முதன்முறை பார்ப்பவருக்கு அது வெறும் வேகப் போட்டியாகவே தோன்றும். மண் பரப்பிய களத்தில் மூன்று பீப்பாய்கள் முக்கோணமாக நிற்கின்றன. குதிரையில் பாய்ந்து வரும் பெண் அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிப் பறக்கிறார். பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கத்தின் அளவுப்படி முதல் இரண்டு பீப்பாய்களுக்கு இடையே 90 அடி. அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவது பீப்பாய்க்கு 105 அடி. இந்தக் களத்தை நல்ல குதிரைகள் சுமார் 17 வினாடிகளில் முடித்துவிடும். பீப்பாய் சாய்ந்தால் 5 வினாடிகள் கூட்டப்படும். வெற்றி தோல்வி ஒரு வினாடியின் நூறில் சில பங்குகளில் தீர்மானமாவதால், பீப்பாயைச் சாய்த்தவருக்கு அன்றைய பரிசு ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம்.

இந்த ஓட்டத்துக்கு அதிகம் விரும்பப்படுவது குவார்ட்டர் குதிரை என்ற இனம். கால் மைல் தூரப் பந்தயத்தில் பெற்ற பெயர் அது. நேர்கோட்டில் ஓட அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பயிற்சியின் பெரும்பகுதி செலவாவது, சரியான இடத்தில் தானாகவே வேகத்தைக் குறைக்க அதற்குக் கற்றுத்தருவதில்தான். ஏன் குறைக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில் குதிரை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அதை வளைவின் மையத்தை நோக்கி இழுக்கத் தேவைப்படும் விசை அதன் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு. கவிழாமலிருக்க அது 40 பாகை அளவுக்கு உள்புறம் சாய வேண்டும். வேகம் 6 மீட்டரானால் தேவைப்படும் விசை எடையையே விஞ்சிவிடும். தளர்ந்த மண்ணில் குளம்புக்கு அவ்வளவு பிடிப்பு கிடைப்பது அரிது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் விசை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது என்பதே இதன் சூட்சுமம்.

ஆகவே பீப்பாயை நெருங்கும்போது குதிரை தன் காலடி எட்டுகளைச் சுருக்கி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, எடையைப் பின்புறம் ஏற்ற வேண்டும். அசையாமல் நிற்கும் குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. அதே நிலையில் திரும்ப முயன்றால் முன்பகுதி மண்ணில் புதைய, பின்பகுதி வெளியே வழுக்கும். திருப்பத்துக்குள் நுழையும்போது பீப்பாயிலிருந்து சில அடிகள் விலகி நுழைந்து, வெளியேறும்போது அதை ஒட்டி வெளியேறவும் பழக்குகிறார்கள். விலகி நுழையாத குதிரை, சுற்றின் பின்பாதியில் தன் விலாவாலோ ஏறியிருப்பவரின் முழங்காலாலோ பீப்பாயைத் தட்டிவிடும்.

அடுத்தது கால் முறை. பாய்ச்சலில் குதிரையின் ஒரு பக்கக் கால்கள் மறுபக்கத்தைவிட முந்தி நீளும். வலப்புறம் திரும்புகையில் வலக்கால் முந்த வேண்டும், இடப்புறம் திரும்புகையில் இடக்கால். வலப்பக்கப் பீப்பாயில் தொடங்கும் குதிரை ஒருமுறை வலமும் இருமுறை இடமும் சுற்றுவதால், முதல் பீப்பாய்க்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரே ஒரு முறை முந்து காலை மாற்றினால் போதும். நான்கு குளம்புகளும் நிலத்தை விட்டு எழும் நொடிப்பொழுதில் இந்த மாற்றம் நிகழ்கிறது. முன்னங்கால் மட்டும் மாறிப் பின்னங்கால் மாறாவிட்டால் உடல் முறுக்கிக்கொண்டு வேகம் போய்விடும்.

இந்தத் திறனைக் கடுமையாகச் சோதிப்பது கம்ப ஓட்டம். 21 அடி இடைவெளியில் ஒரே வரிசையில் ஆறு கம்பங்கள் நிற்கும். குதிரை நேராகக் கடைசிக் கம்பம்வரை ஓடித் திரும்பி, இடமும் வலமுமாக நெளிந்து வந்து, முதல் கம்பத்தைச் சுற்றி, மீண்டும் நெளிந்து போய், கடைசியில் நேராகத் திரும்பி ஓடும். கம்பத்துக்குக் கம்பம் ஒன்றிரண்டு எட்டுகளே கிடைக்க, ஒவ்வோர் இடைவெளியிலும் முந்து கால் மாற வேண்டும். என் பார்வையில், பார்வையாளர் கூட்டம் குறைவாக இருந்தாலும் இரண்டில் நுட்பமானது இதுவே.

இதையெல்லாம் குதிரை கற்பது அழுத்தமும் விடுவிப்பும் என்ற வழியில். ஏறியிருப்பவர் காலால் விலாவை அழுத்துகிறார் அல்லது கடிவாள வாரை மெல்ல இழுக்கிறார். குதிரை சரியான பக்கம் நகர்ந்த கணமே அழுத்தத்தை எடுத்துவிடுகிறார். அழுத்தம் கேள்வி மட்டும். அது நீங்கும் கணத்தையே குதிரை விடையாக நினைவில் வைக்கிறது. தாமதமாக விடுவித்தால், அதற்குள் குதிரை வேறெதையோ செய்திருக்கும், அதையே கற்றுக்கொள்ளும். அதனால்தான் மாதக்கணக்கில் நடையிலும் துள்ளோட்டத்திலும் மட்டுமே களத்தைச் சுற்றவைக்கிறார்கள். மெதுவாகச் செல்லும்போது விடுவிக்கும் கணம் தவறாது. வளரும் எலும்பும் தசைநாணும் சுமைக்குப் பழகவும் அந்த மாதங்கள் தேவை. வேகம் குறைக்கும் புள்ளியில் சேணத்தில் ஆழ்ந்து அமர்ந்து குதிரையை நிறுத்திவிடுவதும் உண்டு. பலமுறை அப்படி நின்ற குதிரை, பிறகு அவர் அமர்வதை உணர்ந்தாலே எட்டைச் சுருக்குகிறது.

பாடம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்குச் சார்மெயின் ஜேம்ஸ் என்ற பீப்பாய் ஓட்ட வீராங்கனையின் ஸ்கேம்பர் என்ற குதிரை சான்று. 1985ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த தேசிய இறுதிப் போட்டியின் ஒரு சுற்றில் ஓட்டத்தின்போதே கடிவாளம் கழன்றுவிட, ஸ்கேம்பர் மூன்று பீப்பாய்களையும் சுற்றி அந்தச் சுற்றை வென்றது. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள் அந்த இணைக்குக் கிடைத்தன.

ஆனால் இப்படிப் பதிந்த பாடமே தொல்லையாவதும் உண்டு. வழியை மனப்பாடம் செய்துவிட்ட குதிரை, ஏறியிருப்பவர் சொல்லும் முன்பே திரும்பத் தொடங்கிப் பீப்பாயைத் தோளால் தள்ளிவிடும். வாயில் திறந்ததுமே படபடத்து உள்ளே வர மறுக்கும். இதற்கு மருந்தாகத் தேர்ந்த பயிற்சியாளர்கள் பழகிய குதிரையை முழு வேகத்தில் அரிதாகவே ஓடவிடுகிறார்கள். பல நாட்கள் அதைக் களத்துக்குள் நடத்திச் சென்று, எந்தப் பீப்பாயையும் சுற்றாமல் அவற்றைக் கடந்துபோய், ஒரு மூலையில் சும்மா நிற்கவைத்துவிட்டு வெளியே அழைத்து வருகிறார்கள்.